முப்பத்தேழு பெருக்கல் குறிகள்

பாஞ்சாலைக்குக் கோபம் ஏறினால் கையெழுத்து திருத்தமாகிவிடும். மற்றவர்களுக்குக் கை நடுங்கும், வாய் குழறும். அவளுக்கு நேர்மாறு. எழுத்துகள் வரிசை பிசகாமல் நிற்கும், புள்ளிகள் குண்டூசித் தலை அளவுக்கு விழும். அந்த மாசி மாதம் அவள் எழுதியதெல்லாம் அச்சடித்ததுபோல இருந்தது.

கோபத்துக்குக் காரணம் ஜீப்பில் வந்தது. நெல்லிவாசல்நாட்டுக்கும் செங்கத்துக்கும் இடையே ஷேர் ஜீப் ஓட்டும் வடிவேலு, கீழே கணினிக் கடையில் அச்செடுத்த நாற்பத்திரண்டு பக்கங்களைக் கொண்டுவந்து அவள் உடைத்துக்கொண்டிருந்த புளிக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“உன் தங்கச்சி கேட்ட காயிதம். ஆமா, இன்னாக்கா இது? மீனு படம் ஒண்ணு கூட இல்ல, கல்லு கல்லா கீது?”

“கல்லு இல்லடா. உயிரு.”

“உயிரா! நம்ம மலையில இல்லாத கல்லா? இத்த பாக்கவா அருணா ராமநாதபுரம் வரைக்கும் போயி கடலுக்குள்ள முங்கிக்கினு கீது?”

“நீ வண்டிய எடு. ஆளுங்க காத்துக்கினு கீறாங்க.”

வீட்டுக்குள் இருந்து அருணா வந்தாள். இடது காதில் பஞ்சு. கடலுக்கு அடியில் போய்ப் போய்க் காதுக்குள் சீழ் பிடித்து, ஆறு வாரம் தண்ணீரில் தலை வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால்தான் அவள் தை கடைசியில் மலையேறி வந்திருந்தாள். இருபத்தொன்பது வயது. அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அந்த நாட்டில் இருந்து பட்டப்படிப்புக்குப் போனவர்கள் சிலர் உண்டு. கடலைப் படிக்கப் போனது அவள் ஒருத்திதான்.

நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். பதினான்காம் பக்கத்தில் கை நின்றது. முகம் வெளிறியது.

“அக்கா, இது உன் நோட்டு.”

பாஞ்சாலை புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவளுடைய நோட்டின் ஒரு பக்கம் அப்படியே படமாக இருந்தது. அவள் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். அவள் எழுதிய வைகாசி, அவள் எழுதிய எண்கள். ஓரத்தில் சிவப்புப் பேனாவில் அவள் போட்ட பெருக்கல் குறிகள். படத்துக்குக் கீழே ஒரு வரி: ‘ஆய்வாளர் தரப்புப் பதிவின்படியே அறுபதில் முப்பத்தேழு பவளங்கள் இறந்துவிட்டன.’

எழுத்தெழுத்தாக இரண்டு முறை படித்தாள். பெருமையாகக்கூட ஒரு கணம் இருந்தது, தன் கையெழுத்து அச்சில் வந்ததில். அடுத்த கணம் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

“இந்தக் குறி எதுக்குக்கா போட்ட?” என்றாள் அருணா. குரல் மெதுவாகத்தான் இருந்தது. “நான் எதையாவது செத்துடுச்சுன்னு சொன்னனா உன்கிட்ட?”

*

அந்த நோட்டு வந்த கதை நாலரை வருஷத்துக் கதை.

அருணாவுக்கு வேலை கிடைத்த இடம், படத்தில் பார்க்கும் நீலக் கடல் இல்லை. ஆழம் குறைந்த, சேறு கலங்கிய, கோடையில் வெந்நீராகக் கொதிக்கும் ஒரு மூலை. பவளத்துக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும், அளவான சூடு வேண்டும் என்றுதான் புத்தகம் சொல்கிறது. அந்த மூலையில் இரண்டும் கிடையாது. ஆனாலும் பவளம் இருந்தது. உருண்டை உருண்டையாக, சட்டிப்பானை கவிழ்த்ததுபோல. சேறு வந்து மேலே படிந்தால் சளிபோல ஓர் ஏட்டை விட்டு அதோடு சேற்றையும் உரித்துத் தள்ளிவிடும். இவ்வளவு மோசமான இடத்தில் இவை எப்படிப் பிழைத்துக் கிடக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அருணாவின் வேலை. அறுபது பவளங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து எண் கட்டினாள். மாதம் ஒருமுறை முங்கி ஒவ்வொன்றின் அகலம், நிறம், அங்கே தண்ணீரின் சூடு ஆகியவற்றைக் குறித்தாள்.

முதல் மாதமே பாஞ்சாலை போனில் கேட்டாள்: “எழுதினத எங்க வச்சிருக்க?”

“ரூம்லதான்.”

“ஒரே எடத்துலயா?”

அவர்கள் வீட்டில் விதைச் சாமை ஒரே கூரைக்கு அடியில் இருந்ததில்லை. பாதி இங்கே, பாதி மாமன் வீட்டில். தீ பிடித்தாலும் எலி புகுந்தாலும் ஒரு பாதி மிஞ்ச வேண்டும். அதே கணக்கில் பாஞ்சாலை சொன்னாள்: “வாயால சொல்லு. நான் இங்க ஒண்ணு எழுதி வைக்கிறேன்.”

எட்டாவது வரைதான் அவள் படித்தது. அப்போது அந்தப் பள்ளியில் எட்டுக்கு மேல் வகுப்பு இல்லை. ஆனால் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி வைத்து, பதினாறு வருஷமாகத் தினம் மழை அளந்து எழுதுகிறவள். ஒரு நாள் விட்டதில்லை. பிள்ளை பெற்ற அன்றும் புருஷன் கோபால்சாமியை அனுப்பிப் பாட்டிலைப் பார்த்துவரச் சொன்னவள். டவர் கிடைக்கும் பாறைமேல் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து, அருணா சொல்லச் சொல்ல எழுதினாள். தமிழ் மாதம், தேதி, அன்று மலையில் பெய்த மழை. அதற்குக் கீழே அறுபது வரி.

போன கார்த்திகை புயலில் அருணாவின் அறைக்குள் கடல் புகுந்தது. தாள்கள் கூழாயின. கணினி போயிற்று. நகல் எடுத்து வைத்த வட்டும் அதே பெட்டியில்தான் இருந்தது. அதற்காக அக்காளிடம் அருணா வாங்கிய ஏச்சு தனிக்கதை. மிஞ்சியது மலைமேல் இருந்த நோட்டு மட்டும்.

அந்த நேரம் பார்த்து அந்த மூலையில் ஒரு பெரிய அலைத்தடுப்புச் சுவர் கட்டத் திட்டம் வந்தது. கட்டினால் அறுபதும் கல்லுக்கு அடியில் போகும். அங்கே என்ன இருக்கிறது என்று அறிக்கை கொடுக்க ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் இருந்து ஆதிநாராயணன் என்பவர் வந்தார். ஒரே ஒருநாள் படகில் போனார். பிறகு அருணாவிடம் பதிவுகளைக் கேட்டார். அருணா சந்தோஷமாக ஊருக்குப் போன் போட, பாஞ்சாலை நோட்டுப் பக்கங்களைப் பக்கத்து வீட்டு ரம்யாவைக் கொண்டு படமெடுத்து அவருக்கே அனுப்பச் சொன்னாள். மறைக்காமல் எல்லாப் பக்கமும். அவர் கொடுத்த அறிக்கையைத்தான் வடிவேலு அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தான்.

*

“சொல்லுக்கா. எதுக்குப் போட்ட?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வைகாசியில நீதான சொன்ன? முழுக்க வெள்ளைன்னு. அறுபதுல முப்பத்தேழு வெள்ளைன்னு அழுதுக்கினே சொன்ன.”

“வெளுத்துச்சு. சாவல.”

“வெளுத்தா இன்னாடி மிச்சம்? சாமையில கதிரு வெளுத்துச்சுனா உள்ள ஒரு அரிசி இருக்குமா? பதரு. அத்த அறுக்கறதே தண்டம்.” சொல்லும்போதே பாஞ்சாலையின் குரல் இறங்கியது.

அருணா குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதுப் பஞ்சை அழுத்திக்கொண்டாள். பவளத்தின் சதைக்குள் ஒரு பாசி குடியிருக்கும், அது சமைத்துப் போடுவதைத்தான் பவளம் தின்னும் என்றாள். சூடு தாங்காவிட்டால் பாசி வெளியே போய்விடும். நிறம் போய் வெள்ளையாக நிற்கும். அப்போது அது பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பாசி திரும்பும், நிறமும் திரும்பும். திரும்பாமல் போனால்தான் சாவு. “நான் அடுத்தடுத்த மாசம் அளவு சொன்னேனே. பழுப்பு, பழுப்புன்னு நெறம் சொன்னேனே. செத்ததை எவளாவது அளப்பாளா?”

“எலும்பையும் அளக்கறாங்க போலன்னு நெனச்சேன்.”

“கேட்டிருக்கலாம் இல்ல?”

பாஞ்சாலை ஒரு புளியை எடுத்து உடைத்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் தன் படிப்பு எட்டோடு நின்றது தங்கைக்கு உறைத்துவிடும் என்றுதான் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் புரிந்துகொண்டவள்போல ‘ம், அடுத்தது’ என்று எழுதிக்கொண்டே போனாள். பதினாறு வருஷத்தில் ஒரு சொட்டு மழையைத் தப்பாக எழுதாத கை, முப்பத்தேழு உயிரை ஒரே நாளில் சாகடித்திருந்தது.

எழுந்து உள்ளே போய் நோட்டையும் ஸ்கேலையும் எடுத்துவந்தாள். வெயில் படும் இடத்தில் உட்கார்ந்தாள். குறி போட்ட ஒவ்வோர் எண்ணையும் அடுத்த மாதத்தில் தேடினாள், அதற்கடுத்த மாதத்தில் தேடினாள். நாற்பத்தொன்றாம் எண்: வைகாசியில் பதினெட்டு புள்ளி நாலு சென்டிமீட்டர், வெள்ளை, பெருக்கல் குறி. ஐப்பசியில் அதே அளவு, இளம்பழுப்பு. பங்குனியில் பதினெட்டு புள்ளி ஏழு. அடுத்த ஆவணியில் பத்தொன்பது. பழுப்பு.

ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

“செத்தது ஆறு மில்லி வளருமாடி?”

“வளராது.”

“இதே வரியில, இதே எடத்துல, நான் நெறமும் எழுதிருக்கறேன், அளவும் எழுதிருக்கறேன். செவப்புக் குறி தெரிஞ்ச அந்தாளு கண்ணுக்கு நீலத்துல எழுதினது தெரியலியா?”

“தெரிஞ்சிருக்கும்.”

அதுவரை பாஞ்சாலையின் கோபம் அவள்மேலேயே இருந்தது. இப்போது அது எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, போக வேண்டிய திசையில் போயிற்று.

பொழுது சாய்வதற்குள் பட்டியல் முடிந்தது. முப்பத்தேழில் இருபத்தெட்டுக்குப் பின்னால் அளவும் நிறமும் இருந்தன. ஒன்பதுக்கு இல்லை. அந்த ஒன்பதும் நிஜமாகவே போனவை. அதையும் அவள் மறைக்கவில்லை; தனியாக எழுதிக் கோடு போட்டாள். குறிகளை ரப்பர் வைத்து அழிக்கலாமா என்று ரம்யா கேட்டபோது அவளைப் பார்த்த பார்வையில் ரம்யா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

*

மாசி இருபத்தாறாம் தேதி விசாரணை. சுவருக்கு அனுமதி தரலாமா என்று முடிவு செய்யும் குழு உட்கார்ந்தது ராமநாதபுரத்தில். வர முடியாதவர்கள் வீடியோவில் பேசலாம் என்று அறிவித்திருந்தார்கள். அக்காளும் தங்கையும் டவர் பாறைக்குப் போனார்கள். ரம்யாவின் போனை ஒரு கல்லில் சாய்த்துவைத்து, காற்றுக்கு விழாமல் முட்டுக்கொடுத்தார்கள். கீழே ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு வடிவேலுவும் வந்து குந்திக்கொண்டான்.

“ஆளுங்க காத்துக்கினு இருக்க மாட்டாங்களா?” என்றாள் பாஞ்சாலை.

“ரெண்டே பேரு. அவுங்களும் பாக்கணும்னுதான் சொல்றாங்க.”

ஆதிநாராயணன் முதலில் பேசினார். இஸ்திரி போட்ட சட்டை, அவசரமில்லாத குரல். அந்தக் கடல் மூலை பவளத்துக்கே ஒவ்வாத இடம் என்றார். கலங்கல், சூடு, மழைக்காலத்தில் உப்பும் குறைந்துவிடும். அங்கே இருப்பது ஓரத்தில் ஒதுங்கிய கூட்டம். தீவுப் பக்கம் தெளிந்த தண்ணீரில் நல்ல பவளம் இருக்கிறது, காப்பாற்ற வேண்டியது அதைத்தான். “மிச்சம் இருந்ததுலயும் பாதிக்கு மேல செத்தாச்சு. நான் சொல்லல, அவங்க நோட்டே சொல்லுது.”

அருணா தன் முறையில் விளக்கினாள். ஆராய்ச்சிச் சொற்களாகச் சொன்னாள். நடுவே படம் இரண்டு முறை உறைந்து நின்றது. “அசல் தாள் எதுவும் இல்லாம, போன்ல கேட்டு யாரோ எழுதினதை வச்சு நாங்க என்ன செய்யறது?” என்றார் குழுத் தலைவர். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார்.

பாஞ்சாலை போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பேசினாள். கையை ஆட்டி ஆட்டி ஒரு நிமிஷம் பேசினாள்.

“அம்மா, உங்க மைக் ஆஃப்ல இருக்கு.”

வடிவேலு சிரித்துவிட்டான். அருணா தட்டி ஒலியைத் திறந்தாள்.

“அந்த யாரோ நான்தாங்க,” என்றாள் பாஞ்சாலை. “பேரு பாஞ்சாலை. அந்தப் பெருக்கல் குறி போட்டது நான். எந்தங்கச்சி ஒண்ணியும் செத்ததுன்னு சொல்லல. வெளுத்துச்சுன்னுதான் சொல்லுச்சு. சாமை மாரி நெனச்சிக்கினு நான் குறி போட்டுட்டேன். தப்பு என்னுது.”

பாறைக்குப் பக்கத்தில் ஜீப் ஆட்கள் இரண்டு பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக்குள் நாடு முழுக்கத் தெரியும், பாஞ்சாலை எழுத்தில் தப்பு என்று.

“ஆனா அவுரு பண்ணது தப்பு இல்லீங்க. அது வேற. எல்லாப் பக்கமும் அனுப்பிச்சேன் அவருக்கு. குறி போட்ட பக்கத்த மட்டும் எடுத்துக்கினு, அதுங்க வளந்த பக்கத்த விட்டுட்டாரு. நாப்பத்தொண்ணாம் நம்பரு. அவுரு காயிதத்துல போட்ட பக்கத்துலயும் அது கீது, வெள்ளைன்னு எழுதி, குறி போட்டு. அதுக்கப்புறம் அது ஆறு மில்லி வளந்துருக்குது. எழுதி வச்சிருக்கறேன். செத்தது எப்பிடிங்க சார் வளரும்?”

“தமிழ் மாசத்துல எழுதியிருக்கு, சரிபார்க்க முடியல...” என்று தொடங்கினார் ஆதிநாராயணன்.

“குறி போட்ட பக்கமும் தமிழ் மாசத்துலதான் கீது. அது மட்டும் எப்பிடி வெளங்கிச்சு?”

குழுத் தலைவரின் கண்ணாடி நெற்றியில் இருந்து இறங்கியது.

“அம்மா, கோவப்படாதீங்க,” என்றார் ஆதிநாராயணன். “நீங்க பாத்ததில்ல. அது கடலோட கடைசி ஓரம். ரெண்டாந்தரம்.”

“ஓரத்தப் பத்தி எனுக்கு நீங்க சொல்லாதீங்க சார்.” பாஞ்சாலை நோட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எங்க நெலத்துல நடுவுல நல்ல மண்ணு, ஆழமா. ஓரத்துல பாறை மேல நாலு வெரக்கடைதான் மண்ணு. வெயிலுக்குப் பாறை சுடும். அங்க கதிரு குட்டையாத்தான் வரும். பாக்க உங்களுக்கு ரெண்டாந்தரமாத்தான் தெரியும். ஆனா எங்க வூட்ல விதைக்கு அந்த ஓரத்துக் கதிரத்தான் எடுப்போம். எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்பிடித்தான். மழையே இல்லாத வருசம் நடுக்கொல்லை முழுக்கக் காஞ்சி தீஞ்சிச்சு. ஓரத்துலதான் ரெண்டு மொறம் தேறிச்சு. அத்த வச்சுதான் அடுத்த வருசம் வெதச்சோம். ஏன்னா அதுக்குத்தான் வெயிலு பழக்கம். உங்க தீவுப் பக்கத்துப் பவளம் நல்லா இருக்கட்டும். கடலு இன்னும் சூடாவுதுன்னு எந்தங்கச்சி சொல்லுது. அந்தச் சூட்டுல அது வெந்துபோச்சுனா வெதைக்கு எங்க சார் போவீங்க? சுவத்துக்கு அடியில தோண்டிப் பாப்பீங்களா?”

படம் உறைந்துவிட்டதோ என்று அருணா போனை எட்டிப் பார்த்தாள். உறையவில்லை.

நோட்டைத் தபாலில் அனுப்பச் சொன்னார் தலைவர். பாஞ்சாலை மாட்டேன் என்றாள். “நகலு எடுத்து அனுப்பறேன். அசலு இங்கதான் இருக்கும். வேணும்னா யாரயாவது அனுப்பிப் பாத்துக்கச் சொல்லுங்க. மழைக் கணக்கும் அதுலதான் கீது, நாளைக்கு எழுதணும்.” தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ பேசினார். பிறகு முடிவைச் சொன்னார்: பங்குனியில் மறுபடி எண்ண வேண்டும். குழுவின் ஆள் ஒருவரும் ஆதிநாராயணனும் படகில் இருக்க வேண்டும். பாதிக்கு மேல், அதாவது குறைந்தது முப்பத்தொன்று உயிரோடு இருந்தால், சுவர் அந்த மூலைக்கு வராது.

இறங்கி வரும்போது வடிவேலு கேட்டான், “ஏங்க்கா, முப்பதுதான் இருந்துச்சுனா?”

“உன் வாய்ல மண்ணு விழ,” என்றாள் பாஞ்சாலை.

*

பங்குனி பத்தாம் தேதி கடல் அடங்கியிருந்தது. அருணாவின் காது இன்னும் ஆறவில்லை. படகில் உட்காரத்தான் அனுமதி. முங்கியது விஜயராஜ், அவளோடு நாலு வருஷமாக வேலை செய்யும் மீனவர் வீட்டுப் பையன், கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. அவன் கீழே ஸ்கேலை ஒட்டிவைத்துப் படமெடுத்துவந்து மேலே காட்டுவான். பார்த்துவிட்டு அருணா போனில் சொல்வாள். மலைமேல் டவர் பாறையில் பாஞ்சாலை எழுதுவாள். அப்படித்தான் இத்தனை வருஷமும் நடந்தது, இன்றும் அப்படியே நடக்கட்டும் என்று குழுவின் ஆளும் ஒத்துக்கொண்டார்.

தேதி எழுதினாள். மழை: இல்லை.

ஒன்று, பழுப்பு. இரண்டு, பழுப்பு. மூன்று, செத்தது. மேலே வேறு வகைப் பாசி மூடியிருக்கிறது. “சரியாப் பாத்தியா?” “பாத்தேன்க்கா.” எழுதினாள். பத்தாம் எண் போன வருஷம் நன்றாக இருந்தது, இப்போது இல்லை. பதினேழும் அப்படியே. அவள் எழுத்து ஒவ்வொரு வரிக்கும் இன்னும் திருத்தமாகிக்கொண்டே போயிற்று. வெயில் உச்சிக்கு வந்தது. கோபால்சாமி கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாற்பது முடிந்தபோது எண்ணினாள். முப்பது உயிர். பத்து சாவு.

“அருணா, நில்லு. நாப்பத்தொண்ணு வருதில்ல?”

“ஆமாக்கா. விஜயராஜ் மேல வந்துட்டான். படம் கையில இருக்கு.”

“நீ சொல்லாத.”

“இன்னாக்கா?”

“அந்தச் சாரு கீறாரு இல்ல பக்கத்துல? படத்த அவருகிட்டக் குடு. அவரு வாயால சொல்லட்டும்.”

போனில் காற்றின் இரைச்சலும் படகில் தண்ணீர் மோதும் சத்தமும் கேட்டன. யாரோ யாரிடமோ எதையோ நீட்டும் அசைவு. பிறகு குழுவின் ஆள் குரல்: “சொல்லுங்க சார். ரெக்கார்டுக்கு வேணும்.”

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“பழுப்பு,” என்றார் ஆதிநாராயணன்.

“கேக்கல சார். இங்க டவரு கம்மி.”

டவர் நாலு கோடும் நிறைந்து நின்றது. கோபால்சாமி குடைக்கு அடியில் அவளைக் குனிந்து பார்த்தார்.

“பழுப்பு நிறம். உயிரோட இருக்கு.”

“அளவு?”

“பத்தொன்பது புள்ளி நாலு.”

அப்படியே எழுதினாள். அந்தப் பக்கம் படகில் விஜயராஜ் கூவியதும், அருணா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ‘அக்கா, அக்கா’ என்றதும் கேட்டன. முப்பத்தொன்று. சுவர் வராது. பாஞ்சாலை நீலப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்தாள். நோட்டைப் பின்னால் புரட்டி அந்த வைகாசிப் பக்கத்துக்குப் போனாள். நாற்பத்தொன்றுக்கு நேராக இருந்த பெருக்கல் குறியை அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், ‘இது என் தப்பு. உயிரோடு இருக்கிறது’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாள். இன்னும் எத்தனையோ குறிகளுக்குப் பக்கத்தில் இதை எழுத வேண்டியிருந்தது.

“அக்கா, கேக்குதா? முப்பத்தொண்ணு வந்துடுச்சு. போதும்னு சொல்றாங்க.”

“இன்னாடி போதும்?” என்றாள் பாஞ்சாலை. கோபம் தணிந்திருக்கவில்லை. நீலப் பேனாவை மறுபடி திறந்தாள். “இன்னும் பத்தொம்பது கீது. விஜயராஜ எறங்கச் சொல்லு. நாப்பத்திரெண்டு.”